பொருள் தெரியாச் சொல் மந்திரமே!

திருமண வீட்டிலே புரோகிதர் ஓதுகிறார். மணமகனுக்குப் புரியவில்லை, மணமகளுக்குப் புரியவில்லை, பெற்றெடுத்த தாய் தந்தையருக்கும் புரியவில்லை, பந்திக்குக் காத்திருக்கும் சுற்றத்தாருக்கும் புரியவில்லை. ஏன், ஓதுகிறவர்களிலேயே பலருக்குப் புரிவதில்லை! "இதற்கு என்ன பொருள் ஐயா?" என்று ஒருவன் எழுந்து கேட்டான். "பொருள் கேளாதே, ஒலியிலேதான் பலன் இருக்கிறது" என்றார்கள். கேட்டவனை நாத்திகன் என்று தூற்றினார்கள். அவன் விடவில்லை. ஊருக்கு ஊர் மேடை போட்டுக் கேட்டான். கல்லடி பட்டும் கேட்டான். முடிவிலே, புரோகிதரும் புரியாத மொழியும் இல்லாமல் நடந்த மணமும் செல்லும் என்று 1967ஆம் ஆண்டில் சட்டமே வரச் செய்தான். அந்தக் கேள்வியின் வழிவந்தவர்கள் நாம் என்று தோள் தட்டிக் கொள்கிறோம்.

தட்டிய கையைச் சற்றே இறக்கிவிட்டு, தோழர்களே, நம் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள்.

திண்டுக்கல் மலைக்கோட்டையின் பாறை நிழல் தெருக்களின்மீது நீண்டு விழும் மாலைவேளை. அடிவாரத்துத் தெருவொன்றிலே, பூட்டுப் பட்டறையின் அர ஓசை இன்னும் அடங்கவில்லை. பக்கத்துத் திண்ணையிலே ஒரு மாணவன். மடியிலே கடினமான ஆங்கிலச் சொற்களின் பட்டியல். கண்ணை மூடுகிறான், உடலை முன்னும் பின்னும் ஆட்டுகிறான், உதடு அசைகிறது. ஒரு சொல், அதற்கு ஆங்கிலத்திலேயே ஒரு விளக்கம். அந்த விளக்கத்திலே வருகிற சொல்லும் அவனுக்குத் தெரியாது. அதற்கும் இன்னொரு விளக்கம் இன்னொரு பக்கத்திலே. இருட்டறையிலே இன்னொரு இருட்டறை! "இந்தச் சொல்லுக்குத் தமிழிலே என்ன தம்பி?" என்று கேட்டோம். திடுக்கிட்டான். "தமிழிலே நினைக்கவே கூடாது சார். ஆங்கிலத்திலேயே நினைத்தால்தான் ஆங்கிலம் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றான்.

ஒலியிலேதான் பலன்! பஞ்சபாத்திரம் இல்லை, தர்ப்பை இல்லை, ஓமகுண்டம் இல்லை. மந்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது. கோவிலிலிருந்து துரத்தினோம், கொல்லைப்புறமாக வந்து பள்ளிக்கூடத்திலே குடியேறிவிட்டது!

ஆங்கிலம் வேண்டாமென்று கூற வந்தோமோ என்று எவரும் ஐயுற வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் போதும், மூன்றாவது மொழியைத் திணிக்காதே என்று 1968ஆம் ஆண்டு சனவரியிலே சட்டமன்றத்தில் அண்ணா தீர்மானம் நிறைவேற்றினாரே, அந்த இருமொழிக் கொள்கையிலே உறுதியாக நிற்பவர்கள் நாம். ஆங்கிலம் வேண்டும், அரைகுறையாக அன்று, ஆழமாக வேண்டும். உயர்ந்த நூல்களிலே வருகின்ற அரிய சொற்களும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தச் சொற்களைப் பொருளோடு பெறுவதா, ஒலியோடு நிறுத்திக்கொள்வதா? பொருளோடு பெறுவதென்றால், பொருள் எந்த மொழியிலே நெஞ்சுக்குள் இறங்கும்? தாய் சோறூட்டியபோது பேசிய மொழியிலே இறங்கும். அதைத் தடுக்கிறவர் எவராயினும், ஆங்கிலத்துக்கு நண்பர் அல்லர். அறிவுக்கும் நண்பர் அல்லர்.

தறி போன கதை

இது ஏட்டுச் சண்டை என்று எண்ணுவோர்க்கு, நமக்குத் தெரிந்த ஒரு வீட்டின் கதையைக் கூறுகிறோம்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியிலே சின்னாளப்பட்டி. சேலைக்குப் பேர்பெற்ற நெசவாளர் ஊர். அங்கே ஒரு நெசவாளர்; நமக்கு நெடுநாள் பழக்கம். தகப்பனார் விட்டுச்சென்ற தறி இரண்டு வைத்திருந்தார். மூன்றாவதாக ஒரு தறி வாங்க எண்ணி ஒரு கடன் நிறுவனத்துக்குச் சென்றார். பக்கம் பக்கமாக ஆங்கிலத் தாள்கள். "இங்கே கையெழுத்து, இங்கே கையெழுத்து" என்று விரல் காட்டினார்கள். அவர் முன்னெச்சரிக்கையான மனிதர். தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மகனிடம் கொடுத்தார். மகன் ஆங்கிலவழிப் பள்ளியிலே பத்தாம் வகுப்பு. தறி தறித்துச் சேர்த்த பணமெல்லாம் அவன் பள்ளிக் கட்டணத்துக்கே போயிற்று. பெருமையோடு கேட்டார், "தம்பி, மேலே ஹைப்பாதிகேஷன்னு போட்டிருக்காமே, அப்படின்னா என்னப்பா?"

மகன் விழித்தான். அந்தச் சொல்லைப் போலவே தொடங்கும் இன்னொரு சொல் அவன் பட்டியலிலே இருந்தது: ஹைப்பாதசிஸ். அதற்கான ஆங்கில விளக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். இதுவும் அதன் உறவுதானே என்று எண்ணிக்கொண்டு, "அது ஏதோ விஞ்ஞானச் சொல் அப்பா, பயப்பட ஒன்றுமில்லை" என்றான். தந்தை நம்பினார், கையெழுத்திட்டார்.

ஹைப்பாதிகேஷன் என்றால் என்ன? பொருள் கடன் வாங்கியவனிடமே இருக்கும், ஓட்டிக்கொள்ளலாம், பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் அது கடனுக்கு ஈடு, தவணை தவறினால் கடன் கொடுத்தவன் வந்து எடுத்துக்கொள்ளலாம். இதுதான் அந்தச் "சாதுவான" சொல்லின் பொருள். ஈடாகக் காட்டப்பட்ட பொருள்களின் பட்டியல் அடுத்த தாளிலே இருந்தது. அதிலே புதுத்தறி மட்டுமா? தகப்பனார் விட்டுச்சென்ற பழைய தறி இரண்டும் இருந்தன!

நூல் விலை ஏறிற்று, சேலை தேங்கிற்று, தவணை தவறிற்று. ஒருநாள் காலை வண்டி வந்து நின்றது. மூன்று தறியும் போயின. சட்டப்படி எல்லாம் சரி, கையெழுத்து அவருடையதுதான். தெரிந்திருந்தால் கடனே வாங்கியிருக்க மாட்டாரோ? வாங்கியிருக்கலாம். ஆனால், "புதுத்தறிக்குப் புதுத்தறிதானே ஈடு, பழைய இரண்டும் எதற்கு?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வியைக் கேட்க முடியாமற் செய்தது எது? வறுமையா? விதியா? தலையெழுத்தா? இல்லை தோழர்களே, ஒரு சொல்! ஒரே ஒரு சொல்லின் பொருள்!

மகனைக் குறை கூறுகிறோமோ? அவன் என்ன செய்வான்! பொருள் கேட்காதே என்று பத்தாண்டு பழக்கப்படுத்திய பிள்ளை அவன். வகுப்பிலே தமிழ் பேசியதற்காகத் தண்டத் தொகை கட்டிய பிள்ளை. தந்தை கொடுத்த கட்டணமும் போய், தமிழ் பேசியதற்குத் தண்டமும் போய், கடைசியிலே தறியும் போயிற்று.

வேரைக் காட்டினால் விளங்காதோ?

இதிலே மற்றொரு வேதனை உண்டு. அந்த இரண்டு சொற்களும் உண்மையிலேயே உறவுச் சொற்கள்தாம்! இரண்டுக்கும் மூலம் கிரேக்கம். கீழே வைத்தல் என்பது அடிக்கருத்து. வாதத்துக்கு அடிப்படையாகக் கீழே ஒரு கருத்தை வைத்தால் அது ஹைப்பாதசிஸ், தமிழிலே கருதுகோள். கடனுக்கு அடிப்படையாகக் கீழே ஒரு பொருளை வைத்தால் அது ஹைப்பாதிகேஷன். தமிழிலே ஈடு காட்டுதல். இதைத் தமிழிலே ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் அந்தப் பிள்ளை வாழ்நாளெல்லாம் மறப்பானா? தந்தைக்குத் தவறாகச் சொல்லியிருப்பானா?

ஆங்கில உயர்சொற்கள் எளிய சொற்கள் அல்ல. ஏமாற்றும் சொற்கள் பல உண்டு. "ஓவர்சைட்" என்றொரு சொல். ஓரிடத்திலே அதற்கு மேற்பார்வை என்று பொருள். மற்றோரிடத்திலே கவனக்குறைவு என்று பொருள். கண்காணித்தான் என்பதற்கும் காணத் தவறினான் என்பதற்கும் ஒரே சொல்! "சாங்ஷன்" என்றொரு சொல். கடன் சாங்ஷன் ஆனது என்றால் இசைவு கிடைத்தது. ஒரு நாட்டின்மீது சாங்ஷன் விதித்தார்கள் என்றால் தடையும் தண்டனையும். ஆங்கில விளக்கத்தை மட்டும் உருப்போட்ட மாணவன் இவற்றிலே எதைப் பிடிப்பான், எதை விடுவான்? "இசைவு" என்றும் "தடை" என்றும் இரண்டு தமிழ்ச் சொற்களை இரண்டு கையிலும் கொடுத்துப் பாருங்கள். சொற்றொடரைப் பார்த்தவுடனே எந்தக் கையை நீட்டுவதென்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று. "டிஸ்இன்டரெஸ்டட்" என்ற சொல்லுக்கு அக்கறையற்றவர் என்றே நம் மாணவர் பெரும்பாலோர் எழுதுகிறார்கள். நீதிபதி டிஸ்இன்டரெஸ்டட் ஆக இருக்க வேண்டும் என்று பாடத்திலே வந்தால், அக்கறையில்லாத நீதிபதியா நல்ல நீதிபதி என்று குழம்புகிறார்கள். அங்கே அந்தச் சொல்லுக்குத் தன்னலச் சார்பற்றவர், நடுவுநிலையாளர் என்று பொருள். திருக்குறளிலே நடுவுநிலைமை என்று ஓர் அதிகாரமே படித்திருக்கிறான் நம் மாணவன். அந்தக் கருத்து அவன் வீட்டுச் சொத்து! "தம்பி, நீ குறளிலே படித்தாயே, அதுதான் இது" என்று ஆசிரியர் ஒரு சொல் சொன்னால், அயல்மொழிச் சொல் அக்கணமே உறவாகிவிடும். சொல்லக்கூடாதாம்! ஆங்கில வகுப்பிலே தமிழ் நுழைந்தால் தீட்டாம்! தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டம் கூறுகிறது. வகுப்பறையிலே தாய்மொழி இன்னும் வாசற்படிக்கு வெளியேதான் நிற்கிறது.

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு என்றால் நாடறியும். பட்டறையிலே பூட்டுச் செய்யும் பெரியவரைக் கேட்டுப்பாருங்கள். திறவுகோல் இல்லாத பூட்டை விலைக்குக் கொடுப்பாரா என்று! நம் பள்ளிகளோ ஆயிரம் பூட்டைப் பிள்ளையின் கழுத்திலே மாட்டி, ஒன்றுக்கும் திறவுகோல் கொடுக்காமல் அனுப்புகின்றன. பூட்டின் எண்ணிக்கையைப் பார்த்துப் பெற்றோர் பூரிக்கிறார்கள்!

நேற்று நடந்தவற்றைப் பாரீர்!

தமிழ்ப் பொருள் வழியாக அயல்மொழி கற்பது புதுமையா? அயலவர்கள் இதையே செய்தார்கள். தமிழ் கற்க வந்த பாதிரிமார்கள் ஒலியை உருப்போட்டுக் கொண்டிருக்கவில்லை. முதலில் அகராதி செய்தார்கள். வேப்பேரியிலே 1779இல் பப்ரிசியசு தமிழ்-ஆங்கில அகராதியை அச்சிட்டார். 1786இல் ஆங்கிலத்துக்குத் தமிழ்ப் பொருள் கூறும் நூலும் வந்தது. 1862இல் வின்சுலோவின் பேரகராதி, 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு வந்தது. தங்கள் மொழியைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் அவர்கள் நம் மொழியைக் கற்றார்கள். அவர்களுக்கு அது அறிவு. நமக்கு மட்டும் அது இழிவா?

யாழ்ப்பாணத்துக்கு 1847இல் ஓர் அமெரிக்க மருத்துவர் வந்தார். சாமுவேல் கிறீன் என்பது பெயர். மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்திலே தொடங்கியவர், 1860களிலே தமிழுக்கு மாறினார். உடற்கூறும் இரண வைத்தியமும் தமிழ் நூல்களாயின; மருத்துவச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடப்பட்டன. ஆங்கிலமே தாய்மொழியான ஒருவர், தமிழ் மாணவனுக்குத் தமிழிலே சொன்னால்தான் விளங்கும் என்று கண்டுகொண்டார். தமிழே தாய்மொழியான நம்மவர் இன்னும் கண்டுகொள்ளவில்லை!

1916இல் சேலத்திலே, விஞ்ஞானச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் காண ஒரு சங்கம் கண்டார் இராசகோபாலாச்சாரியார். பின்னாளிலே எந்த அணியிலே நின்றார், 1937க்குப் பின் எந்த மொழியைப் பள்ளிகளிலே புகுத்தினார் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் செய்ததைச் செய்தார் என்று கூறுவதிலே நமக்குக் கூச்சம் இல்லை.

நம் இயக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1925இல் தோன்றிய குடி அரசு ஏடு என்ன செய்தது? மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையை 1931இல் தமிழிலே தந்தது. அம்பேத்கர் 1936இல் ஆங்கிலத்திலே வெளியிட்ட சாதி ஒழிப்பு உரையை உடனுக்குடன் தமிழிலே தந்தது. பகத்சிங் எழுதிய, தான் ஏன் நாத்திகன் என்ற கட்டுரையைத் தமிழிலே கொண்டுவந்ததற்காக, மொழிபெயர்த்த ஜீவானந்தமும் வெளியிட்ட ஈ.வெ.கிருஷ்ணசாமியும் கைது செய்யப்பட்டார்கள். ஆங்கிலத்திலே இருந்தவரை அஞ்சாத அரசு, தமிழிலே வந்தவுடன் அஞ்சியது! ஏன்? பூட்டுத் திறந்துவிட்டது! அரண்மனையிலே பேசப்பட்டது அடுப்பங்கரை வரை வந்துவிட்டது! ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் கண்டு சிறை சென்றவர்களின் வழிவந்தோம் நாம். தமிழ்ப் பொருள் கேட்ட பிள்ளைக்குத் தண்டம் விதிக்கும் பள்ளிக்கு வரிசையிலே நின்று கட்டணம் கட்டுகிறோம்.

கடலுக்கு அப்பாலும் இதே கதை

ஆங்கிலம் கற்பதிலே நம்மைப்போலவே அல்லலுற்ற நாடு ஒன்று உண்டு, பிலிப்பைன்சு. 1898இல் இசுபானியரிடமிருந்து அமெரிக்கர் கைக்கு மாறிற்று. 1901இல் "தாமசு" என்ற கப்பலிலே ஏறக்குறைய ஐந்நூறு அமெரிக்க ஆசிரியர்கள் வந்திறங்கினார்கள். முதல் வகுப்பிலிருந்தே எல்லாம் ஆங்கிலம் என்றானது. வீட்டிலே தகாலோகு பேசும் பிள்ளை, வகுப்பிலே தான் காணாத பழத்துக்கும் தான் காணாத பனிக்கும் ஆங்கிலப் பெயரை உருப்போட்டது. கால் நூற்றாண்டு கழிந்து, 1925இல், மன்றோ என்பார் தலைமையிலே ஒரு குழு பள்ளிகளை ஆராய்ந்தது. பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள், அயல்மொழியே பெருந்தடையாக நிற்கிறது என்று கண்டது. கண்டவர்கள் அமெரிக்கர்களே!

பின்னர் 1948 முதல் 1954 வரை அந்நாட்டின் இலோயிலோ மாகாணத்திலே ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வகுப்பும் அவர்களுடைய இலிகைனோன் மொழியிலே பாடம். மற்றொரு பகுதிக்குத் தொடக்கம் முதலே ஆங்கிலம். விளைவு என்ன? தாய்மொழியிலே தொடங்கிய பிள்ளைகள் கணக்கிலும் படிப்பிலும் முந்தினார்கள். பின்னர் ஆங்கிலத்துக்கு மாறியபோது அதிலும் மற்றவர்களை எட்டிப்பிடித்தார்கள். தாய்மொழி ஆங்கிலத்தைத் தின்றுவிடும் என்ற பூச்சாண்டி அங்கே பொய்த்துப்போயிற்று. 1937இலேயே தகாலோகு மொழியைத் தேசிய மொழிக்கு அடிப்படையாகக் கொண்ட நாடு அது. 1965இல், அங்கே பாதிரியாராகப் பணியாற்றிய ஓர் ஆத்திரேலியர் தொகுத்த ஆங்கில-தகாலோகு அகராதி வெளிவந்தது. அதே 1965இல்தான் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியமும் அ.சிதம்பரநாதச் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நிறைவு பெற்றது. இரண்டு கரையிலும் ஒரே ஆண்டிலே ஒரே வேலை!

அங்கே போராட்டம் முடிந்துவிட்டதென்று கூறவில்லை. 2012 முதல் தொடக்க வகுப்புகளிலே தாய்மொழி கட்டாயம் என்று வந்தது. 2024இல் அந்தக் கட்டாயத்தை நீக்கிச் சட்டம் வந்தது. ஒரு முறை வென்றால் உறங்கலாம் என்ற எண்ணம் எந்த நாட்டிலும் செல்லாது என்பதற்கு அது சான்று.

சப்பானைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மேலைநாட்டு அறிவு வெள்ளமாக வந்தபோது, நிஷி அமானே போன்ற அறிஞர்கள் தத்துவத்துக்கும் பிற துறைகளுக்கும் தங்கள் மொழியிலே சொற்கள் படைத்தார்கள். சொல் படைத்தார்கள், பின்பு பொறி படைத்தார்கள், பின்பு பொருள் படைத்து உலகுக்கே விற்றார்கள்.

மறுப்போர்க்கு மறுமொழி

"தமிழிலே பொருள் சொன்னால், பேசும்போது முதலில் தமிழிலே நினைத்து, பிறகு மாற்றி, தட்டித் தடுமாறுவானே?" என்பார்கள். தடுமாறுவான், முதலிலே தடுமாறுவான். நம் ஊர்க் கிணற்றிலே பிள்ளைக்கு நீச்சல் பழக்குகிறவர் முதுகிலே சுரைக்குடுக்கை கட்டி இறக்குகிறார். குடுக்கையோடு வாழ்நாளெல்லாம் நீந்துவான் என்று எவரும் அஞ்சுவதில்லை. கை கால் பழகியதும் தானே அவிழ்த்துவிடுகிறான். குடுக்கையே தீது என்று கூறி வெறுமனே தள்ளிவிட்டால், நீந்தக் கற்பவன் ஒருவன். மூழ்குகிறவர் எத்தனை பேர்? வீட்டிலே ஆங்கிலம் பேசும் பெற்றோருடைய பிள்ளைக்குக் குடுக்கை வேண்டியதில்லை. கரையிலே கைகொடுக்க ஆள் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக வந்திருக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? ஆங்கிலம் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும், நிறையப் படிக்கவும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பொருளோடு தொடங்கு என்கிறோம், அவ்வளவுதான்.

"தமிழிலே அதற்கெல்லாம் சொல் ஏது?" என்பார் இன்னொருவர். போட்டோசிந்தசிசுக்கு ஒளிச்சேர்க்கை வந்தது. கம்ப்யூட்டருக்குக் கணினி வந்தது. இன்டர்நெட்டுக்கு இணையம் வந்தது. நேற்று இல்லாத சொல் இன்று கடைத்தெருவிலே பேசப்படுகிறது. சொல் தானாக முளைப்பதில்லை, ஐயா, தேவைப்படுகிறவன் படைக்கிறான். தேவையே இல்லை என்று இருப்பவனுக்கு எந்த மொழியிலும் சொல் இராது.

"தமிழ் இருக்க ஆங்கிலம் எதற்கு?" என்று நம்மவரிலும் சிலர் கேட்பர். தமிழே ஆட்சிமொழி என்று 1956இல் சட்டம் வந்தது. கடன் தாளும் காப்பீட்டுத் தாளும் தமிழிலே வரவேண்டும் என்ற போரை நாம் தொடர்கிறோம். போர் முடியும்வரை அந்த நெசவாளர் என்ன செய்வார்? எதிரியின் கையிலுள்ள தாளைப் படிக்கத் தெரியாதவன் எதிரியோடு வழக்காட முடியுமா?

நம்மை நாமே கேட்போம்

பிறரைச் சுட்டும் விரலை நம் பக்கமும் திருப்புவோம். மேடையிலே "எங்கள் தமிழ்" என்று முழங்கிவிட்டு, வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் வாயிலே தமிழ் வந்தால் நாணுகின்ற தோழர்கள் நம்மிலே இல்லையா? 1965இல் நிறைவு பெற்ற அகராதியைப் போற்றுகிறோம். அதன்பின் உலகம் படைத்த சொற்களுக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்டோமா? பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் தலைமையிலே வந்ததே, அதை நம் படிப்பகங்களிலே எத்தனை பேர் புரட்டினோம்?

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்வோம். ஹைப்பாதசிஸ் என்பதற்குப் பக்கத்திலே "கருதுகோள்" என்று அச்சிட்டுவிட்டுக் கடமை முடிந்ததென்று நகர்கிறோம். விளக்காமல் விட்டால் கருதுகோளும் ஒரு மந்திரம்தான்! தமிழிலே எழுதப்பட்டதாலேயே ஒரு சொல் விளங்கிவிடாது. "இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை, சோதித்துப் பார்ப்பதற்காக இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்வோம்" என்று மாணவனுக்குத் தெரிந்த பேச்சிலே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது அவன் ஒரு சொல்லோடு பகுத்தறிவின் முதற்பாடத்தையும் கற்கிறான். கடவுளையும் கருதுகோளாக வைத்துக் கேள்வி கேட்கலாம் என்று அவனுக்கே தோன்றும்!

செய்ய வேண்டியது

பேசிவிட்டுக் கலையும் பழக்கம் நமக்கு வேண்டாம். திண்டுக்கல்லிலே சில ஆசிரிய நண்பர்கள் சேர்ந்து மாலையிலே நடத்திவரும் சிறு வகுப்பின் முறையை இங்கே வைக்கிறோம். கட்டணம் இல்லை, கரும்பலகை ஒன்று, குறிப்பேடு ஆளுக்கு ஒன்று.

குறிப்பேட்டிலே நான்கு கட்டங்கள். முதற்கட்டத்திலே ஆங்கிலச் சொல். இரண்டாவதிலே தமிழ்ச் சொல். இரண்டு பொருள் இருந்தால் இரண்டும். மூன்றாவதிலே, தாய்க்குச் சொல்வதுபோல் வீட்டுப் பேச்சிலே ஒரு விளக்கம். நான்காவதிலே, தானே அமைத்த ஓர் ஆங்கில வாக்கியம். எடுத்து எழுதியது செல்லாது. நாளொன்றுக்கு ஐந்து சொல் போதும். ஆண்டிலே முந்நூறு நாள் என்றால் 1,500 சொல். தேர்வு எப்படி? வீட்டுக்குப் போய்ப் பள்ளி காணாத தாயிடமோ பாட்டியிடமோ அந்தச் சொல்லை விளக்க வேண்டும். அவர்களுக்குப் புரிந்தால் தேர்ச்சி. அவர்கள் கேட்கும் குறுக்குக் கேள்விக்கு மறுமொழி கூறினால் முதல் வகுப்பு!

ஞாயிறுதோறும் பாடநூல் இல்லை. கடன் தாள், மருந்துச் சீட்டு, ஆலை அறிவிப்பு, காப்பீட்டுப் படிவம் ஆகியவற்றை எவர் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். மாணவர்கள் படித்துப் பொருள் கூறுவார்கள். தெரியாததை அகராதியிலே தேடுவார்கள். வேடசந்தூர் நூற்பாலையிலே வேலை செய்யும் பெண்களும் வருகிறார்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறவர்களும் வருகிறார்கள். நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் வத்தலக்குண்டிலும் நம் படிப்பகங்கள் பூட்டிக் கிடக்கின்றனவே தோழர்களே, அவற்றைத் திறந்து இதைச் செய்ய எவர் தடுக்கிறார்கள்?

கூடவே குரலும் எழுப்புவோம். தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளைக்குத் தண்டம் விதிக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். ஆங்கில ஆசிரியர் தமிழிலே விளக்கினால் அது குற்றமன்று, கடமை என்று பள்ளிகள் ஏற்க வேண்டும். எளிய மக்கள் கையெழுத்திடும் எந்தத் தாளும் தமிழிலும் இருக்க வேண்டும்.

சின்னாளப்பட்டி நெசவாளர் இப்போது பிறர் தறியிலே கூலிக்கு நெய்கிறார். அவர் மகன் அந்த மாலை வகுப்புக்கு வருகிறான். அவன் குறிப்பேட்டின் முதற்பக்கத்து முதற்சொல் எதுவென்று நாம் கூற வேண்டியதில்லை. மூன்றாவது கட்டத்திலே, தாய்க்குச் சொல்வதுபோல், "தறி நம் வீட்டிலேதான் இருக்கும்; ஆனால் பணம் கட்டாவிட்டால் நமதில்லை" என்று எழுதியிருக்கிறான்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இன்னொரு நெசவாளர் கடன் தாளோடு வந்தார். அந்தப் பிள்ளைதான் வாங்கிப் படித்தான். மேல் தாளைப் படித்துவிட்டு, கீழ்த் தாளைத் திருப்பினான். "பெரியப்பா, இதிலே மூணு தறி எழுதியிருக்கு. நீங்க வாங்குறது ஒண்ணுதானே? மத்த ரெண்டும் ஏன்?" என்று கேட்டான். வந்தவர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, கேட்டுவருகிறேன் என்று எழுந்து போனார்.

அந்தக் கேள்வி மூன்று தறிக்கு முன்னே வந்திருக்க வேண்டிய கேள்வி. மணமேடையிலே அன்று எழுந்து நின்றவன் கேட்ட அதே கேள்வி: இதற்கு என்ன பொருள்? ஒவ்வொரு வகுப்பிலும், ஒவ்வொரு சொல்லுக்கும், ஒவ்வொரு பிள்ளையும் அதைக் கேட்கட்டும்! மறுமொழி தமிழிலே வரட்டும்!